எங்க மாமனாரு கேட்ட பத்தி பூஜை

எங்க மாமனாரைக் கஞ்சர்னு ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கறேன், அவரு காதுல உழுகற மாதிரியே. பொழுது எறங்குனா போதும், வாசல் லைட்டை அமத்திட்டு, கட்டுத்தரைக்குப் பக்கத்துல கயித்துக்கட்டலைப் போட்டு இருட்டுல உக்காந்துக்குவாரு. "ஏனுங் மாமா, வர்றவங்க போறவங்க முட்டிக்கிட்டு உழுகறதுக்கா?"ன்னு கேப்பேன். "உங்கப்பனா வந்து கரண்டு பில்லு கட்டறான்?"ம்பாரு. எங்கப்பனை எதுக்கு இழுக்கறீங்கன்னு நான் கத்த, அவரு ஒண்ணு சொல்ல, மாடுக கூடத் திரும்பிப் பாக்கும். அப்பறம் லைட்டு அமந்தேதான் கெடக்கும்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துப் பொண்ணு. வாக்கப்பட்டு வந்தது மீனாட்சிபுரத்துக்கு. செக்போஸ்டுக்கு அந்தாண்டை தமிழ்நாடு, இந்தாண்டை கேரளா, ஆனா ரெண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே மாட்டுச் சாணி வாசம். கல்யாணமாயி வந்த புதுசுல எனக்கு அதிசயமா இருந்தது பால் சொசைட்டியிலதான். வெடியால பால் ஊத்திட்டு, எதுத்தாப்பல இருக்கற டீக்கடையில நாலு பெருசுக உக்காந்து ஹிந்தியில பேசிக்கிட்டிருக்கும். வேட்டியும் துண்டும் சாணிக் காலும், பேச்சு மட்டும் ஹிந்தி! அதுல ஒருத்தரு எங்க மாமனாரு.

நாலு பேருமே பட்டாளத்துல இருந்து வந்தவங்க. எழுபத்தொண்ணு சண்டைக்குப் போனவங்க. யாரையாச்சும் வையறதுன்னாலும், எவனுக்கோ பொண்ணு அமையலைன்னு பேசறதுன்னாலும், அந்தப் பாசைக்குத் தாவிக்குவாங்க. நாங்க பால் கேனை வெச்சுக்கிட்டு வெவரம் புரியாம நிப்போம். ஊருக்குள்ள அவங்களுக்கு வெச்ச பேரு சேட்டுக் கூட்டம். இங்க கவுர்மெண்டுக் காயிதத்துல முன்னாள் ராணுவத்தாரை "விமுக்தபடன்"னு மலையாளத்துல எழுதுவாங்க. அதை வெச்சு அவங்களே கேலி பண்ணிக்குவாங்க. "என்னடா, உனக்கு எப்ப முக்தி?"ன்னு ஒருத்தரை ஒருத்தரு கேட்டுட்டு இருமி இருமிச் சிரிப்பாங்க.

சண்டையைப் பத்தி மட்டும் வாயே தெறக்க மாட்டாங்க. என்ர மக பள்ளிக்கூடத்துல இருந்து வந்து, "தாத்தா, நீங்க யாரையாச்சும் சுட்டிருக்கீங்களா?"ன்னு ஒருக்கா கேட்டா. "கோழியச் சுட்டிருக்கறேன், நல்லாருந்துச்சு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

முக்தின்னு வாய்க்கு வாய் சொன்னதுக்கோ என்னமோ, ஒவ்வொருத்தரா போக ஆரம்பிச்சாங்க. மொதல்ல போனவரு மகன்கூட அகளிக்குப் போயி இருந்தவரு. அடுத்தவரு சக்கரை வியாதியில காலை எடுத்து, அதோட போயிட்டாரு. ஒரு எழவுன்னா மிச்சம் இருக்கறவங்க பொட்டியில இருந்து மெடலை எடுத்துச் சட்டையில குத்திக்கிட்டு, பொணத்தோட கால்மாட்டுல வரிசையா நின்னு சல்யூட் அடிப்பாங்க. மத்தவங்க எல்லாம் ஒப்பாரி வெப்பாங்க, இவங்க மூச்சுக் காட்ட மாட்டாங்க. நாலு மூணாச்சு, மூணு ரெண்டாச்சு. ரெண்டு பேரு நின்னா அதை வரிசைன்னு எப்பிடிச் சொல்றது? ரெண்டாவது எழவுல எங்க மாமனாரும், கூட்டத்துல மிச்சம் இருந்த ராவுத்தர் மாமாவும் மட்டும் பக்கத்துல பக்கத்துல நின்னாங்க.

ராவுத்தர் மாமா கொழிஞ்சாம்பாறையில மளிகைக்கடை வெச்சிருந்தவரு. பட்டாளத்துல எங்க மாமனாரும் அவரும் ஒரே யூனிட்டு. மத்த ரெண்டு பேரும் போனதுக்கப்பறம் இவங்க ரெண்டு பேரும் மட்டும் அதே டீக்கடையில அதே பெஞ்சுல உக்காந்து அதே ஹிந்தியில பேசிக்கிட்டிருந்தாங்க. அப்பறம் ராவுத்தர் மாமா குளிக்கிற ரூம்புல வழுக்கி உழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சு, கோயமுத்தூருக்கு மக ஊட்டுக்குப் போயிட்டாரு. காதும் மந்தம், போன்லயும் பேச முடியாது. எங்க மாமனாரு தனியாளாப் போனாரு. பேச ஆளில்லாம மாட்டுக்கிட்ட ஹிந்தி பேசுவாரு. உக்காருன்னு சொல்றதுக்கு "பைட்டோ, பைட்டோ"ன்னு அது முதுகத் தட்டுவாரு. அதுவும் படுத்துக்கும். நாங்க உழுந்து உழுந்து சிரிப்போம். இப்ப நெனைச்சா சிரிப்பு வரமாட்டேங்குது.

போன வருசம் மழைக்காலத்துல அவருக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கிச்சு. வாயும் கோணிப் போச்சு. ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்து முன்னறையில கட்டல் போட்டுப் படுக்க வெச்சோம். பகல் பூரா சிவனேன்னு கெடப்பாரு. கஞ்சி குடுத்தா குடிப்பாரு. எங்கூட்டுக்காரரு பேரச் சொன்னா கண்ணுல தண்ணி வரும். பொழுதோட டியூப்லைட்டைப் போட்டோமுன்னா ஆரம்பிச்சிரும். ஒடம்பே தூக்கிப் போடும். நல்லா இருக்கற கைய வீசி வீசி, கொழறுன வாயில ஒரே சொல்லு.

"பத்தி பூஜா... பத்தி பூஜா..."

மொத நாளு எங்களுக்கு ஒண்ணுமே வெளங்கலை. எங்கத்தைதான் மொதல்ல கண்டுபிடிச்சாங்க. அதான் என்ர மாமியா. "பத்தி வேணுங்கறாரு அம்மிணி! பத்தி வெச்சுப் பூஜை பண்ணச் சொல்றாரு!"ன்னு ரெண்டு கையையும் நெஞ்சுல வெச்சுக்கிட்டு அப்பிடியே நின்னுட்டாங்க. எங்க மாமனாரு கோயில் வாசல் மிதிக்காத மனுசன். மாரியாத்தா நோம்பிக்கு ஊரே போனாலும் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டணும்னு சொல்லிட்டு ஊட்டுலயே நிப்பாரு. அதுக்காக எங்கத்தை அழுகாத நோம்பி இல்லை. அந்த மனுசன் இப்ப வாயத் தெறந்து பூஜை கேக்கறாருன்னா அவங்களுக்கு எப்பிடி இருந்திருக்கும்!

ஓடிப் போயி ஊதுபத்தி கொளுத்தி அவரு தலைமாட்டுல வெச்சாங்க. குத்துவெளக்கை எடுத்தாந்து கண்ணுக்கு எதுத்தாப்பல ஏத்துனாங்க. அவரு இன்னும் பலமாக் கத்துனாரு. பத்தலையாட்ட இருக்குதுன்னு இன்னொரு வெளக்கு ஏத்துனோம். கற்பூரம் காட்டுனோம். அவரு கத்தக் கத்த நாங்க ஏத்திக்கிட்டே போனோம், வெடிய வெடிய அமத்தவே இல்லை. அடுத்த வாரம் பூசாரியக் கூட்டியாந்து மணியடிச்சு, தட்டு நெறையச் சூடத்தை ஏத்திக் கட்டலைச் சுத்தி வந்தாங்க. கண்ணு ரெண்டும் பிதுங்கி, அந்தக் கையால தட்டைத் தட்டி உட்டாரு. நெருப்பு போர்வையில உழுந்துருச்சு. எங்கூட்டுக்காரரு வேற வழியில்லாம அவரு கைய ஒரு துண்டால கட்டல் சட்டத்தோட சேத்துக் கட்டுனாரு. பெத்த அப்பன் கையக் கட்டிப்போட்டுட்டு, வாசல்ல போயி நின்னு அழுதாரு.

எங்களுக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அந்த மனுசன் நிம்மதியாக் கண்ணை மூடோணும். பஞ்சாயத்துல இருந்து வாரம் ஒருக்கா வர்ற பாலியேட்டிவ் சிஸ்டரு கூட, "என்தா அப்பூப்பன் பறயுன்னது?"ன்னு கேட்டுச்சு. பூஜை கேக்கறாருன்னோம். "நல்லதாணு, தெய்வ சிந்தை"ன்னு சொல்லிட்டு முதுகுப் புண்ணுக்கு மருந்து வெச்சுட்டுப் போச்சு. என்ர மக பள்ளிக்கூடத்துல ஹிந்தி படிச்சவ. அவ காதுலயும் பத்தி, பூஜைன்னுதான் உழுந்துச்சு. நம்ம தமிழாட்டவே இருந்தா யாரு போயி அர்த்தம் கேப்பாங்க?

ஒரு நாளு பொழுதோட இடி இடிச்சுப் பேஞ்ச மழையில கரண்டு போச்சு. காத்துக்கு வெளக்கும் நிக்கலை. தீப்பெட்டி நமுத்துக் கெடந்துச்சு. ஊடு கும்மிருட்டு. அன்னிக்கு அவரு கொழந்தையாட்டத் தூங்குனாரு. அத்தனை நாளுல அன்னிக்கு ஒரு நாளுதான் வாயும் கத்தலை, கையும் வீசலை. மழைக்குக் குளுந்து போயி தூங்கறாருன்னு நாங்களாவே முடிவு பண்ணி, மக்யா நாளு ஒரு டேபிள் ஃபேன் வாங்கியாந்து கால்மாட்டுல வெச்சோம். ஃபேனு! புத்திசாலிகன்னா எங்களாட்ட இருக்கோணும்.

அவரு செத்ததும் ஒரு பொழுதோடதான். லைட்டு எல்லாம் எரியுது, ரெண்டு குத்துவெளக்கு எரியுது, எங்கத்தை கற்பூரம் காட்டறாங்க. அவரு அந்த நெருப்பையே பாத்துக்கிட்டு உதட்டை மட்டும் அசைச்சாரு. சத்தம் வரலை. அப்பிடியே அடங்கிப் போச்சு. "கேட்டதை எல்லாம் குடுத்தே அனுப்பி வெச்சேன்"னு எங்கத்தை வந்தவங்க போனவங்க கிட்டயெல்லாம் சொன்னாங்க. கால்மாட்டுல நின்னு சல்யூட் அடிக்க ஒருத்தரும் வரலை. வர்றதுக்கு மிச்சம் இருந்தது ஒருத்தரு, அவரு கோயமுத்தூர்ல படுக்கையில கெடந்தாரு.

கருமாதி முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு ராவுத்தர் மாமா வந்தாரு. மகன் காருல கூட்டியாந்து உட்டுட்டு, கொழிஞ்சாம்பாறையில ஒரு சோலியிருக்குதுன்னு போயிட்டாப்பல. வாக்கரைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு அடியா எடுத்து வெச்சு உள்ள வந்து, மாமனாரு போட்டோவுக்கு முன்னால நின்னாரு. வாக்கரை ஒரு கையில புடிச்சுக்கிட்டு ஒத்தக் கையால சல்யூட் அடிச்சாரு. ஒடம்பு ஆடுச்சு. நான் ஓடிப் போயிப் புடிச்சுக்கிட்டேன்.

உக்கார வெச்சதும் எங்கத்தை அவரு காதுக்கிட்ட போயிச் சத்தமா ஆரம்பிச்சாங்க. "பாய், நீங்க பாக்கோணுமே! வாழ்ந்த காலம் பூரா சாமியில்லைன்னு திரிஞ்சவரு, கடைசியில பத்தி வை, பூஜை பண்ணுன்னு கேட்டுக்கிட்டே போனாரு. நான் ஒரு கொறையும் வெக்கலை."

அவரு நெத்தியச் சுருக்கிக்கிட்டு, "என்ன கேட்டான்?"னாரு.

"பத்தி, பூஜை."

அவரு என்ர பக்கம் திரும்பி, "அவன் எப்பிடிச் சொன்னானோ அப்பிடியே சொல்லு"ன்னாரு. நானும் வாயக் கோணிக்கிட்டு அவரு கொழறுன மாதிரியே சொல்லிக் காட்டுனேன். கைய வேற வீசிக் காட்டுனேன். ராவுத்தர் மாமா மூஞ்சியில ரத்தமே இல்லாமப் போச்சு. எங்கத்தை டீ வெக்கறதுக்கு உள்ள போனாங்க. "என்னைய வெளிய கூட்டிக்கிட்டுப் போ"ன்னாரு. கட்டுத்தரைக்குப் பக்கத்துல அந்தக் கயித்துக்கட்டல்ல உக்கார வெச்சேன்.

"அது பூஜையில்ல அம்மிணி. பத்தி புஜாவ். ஹிந்தி. வெளக்கை அமத்துன்னு அர்த்தம்."

எனக்கு மொதல்ல ஏறவேயில்லை. அவரு மாட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. வடக்க, எல்லையில, பொழுது உழுந்துட்டா ஒரு பீடி கூடப் பத்த வெக்கக் கூடாதாம். வெளிச்சம் தெரிஞ்சா அந்தப் பக்கத்துல இருந்து குண்டு வந்து உழுகுமாம். ஒரு நாளு டென்ட்டுக்குள்ள ஒரு பையன் ஊட்டு நெனைப்புல மெழுகுத்திரி ஏத்திட்டானாம். எங்க மாமனாரு தூரத்துல இருந்து அதைப் பாத்துட்டு, பத்தி புஜாவ், பத்தி புஜாவ்னு கத்திக்கிட்டே ஓடுனாராம். இவரு போயிச் சேர்றதுக்குள்ள குண்டு வந்துருச்சு. "உன்ர மாமன் மேல மண்ணுதான் உழுந்துச்சு. அந்தப் பையனை நானும் இவனும்தான் பொறுக்கி எடுத்தோம்"னாரு.

நான் கட்டுத்தரைத் தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். வெளக்கை அமத்து, வெளக்கை அமத்துன்னு ஒரு மனுசன் உசுரக் குடுத்துக் கத்தியிருக்கறாரு. நாங்க ஒண்ணுக்கு ரெண்டா ஏத்தி, சூடத்தைக் கொளுத்தி, கையக் கட்டிப்போட்டு... அய்யோ சாமி! ஒவ்வொரு நாளும் பொழுதோட குண்டு வரப் போகுதுன்னு பயந்துக்கிட்டே கெடந்திருக்கறாரு. எனக்குத் துக்கத்தை விடக் கோவம்தான் மொதல்ல வந்துச்சு. பாழாப் போன மனுசா, கஞ்சன்னு நாங்க வையறப்ப எல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டயே, ஒரு வார்த்தை இதுதான் வெவரம்னு சொல்லக்கூடாதா? அம்பது வருசத்துல ஒரு நாளு சொல்லக்கூடாதா? ராவுத்தர் மாமா முன்னாலயே போயிச் சேந்தவரை வாய்க்கு வந்தபடி வஞ்சு தீத்தேன். அவரு தடுக்கலை.

"உங்கத்தைகிட்டச் சொல்ல வேண்டாம்"னாரு. "பாய் வந்து சாமி வெளக்கை அமத்தச் சொன்னான்னு பேசுவாங்கன்னு இல்லை. அந்தப் பொம்பளை மூஞ்சியப் பாத்தயில்ல? அதைப் போயி நான் எப்பிடிக் கெடுப்பேன்?"

நானும் சொல்லலை. எங்கூட்டுக்காரரு கிட்டயும் சொல்லலை. கையக் கட்டுனது அவரு. எங்கத்தை இன்னிக்கும் பொழுதோட போட்டோவுக்கு முன்னால வெளக்கு ஏத்திப் பத்தி வெக்கறாங்க. "வாசம் வருதுங்களா?"ன்னு போட்டோகிட்ட கேக்கறாங்க. அந்த நேரத்துக்கு நான் ஊட்டுக்குள்ள இருக்கறதில்லை. பால் கறக்கற சாக்குல கட்டுத்தரைக்கு வந்துருவேன்.

அன்னிக்குக் கார் வந்து நின்னதும் ராவுத்தர் மாமா என்ர கையப் புடிச்சுக்கிட்டாரு. "எனக்கும் அந்தப் பயம் இருக்குது அம்மிணி. எனக்கும் வாய் கோணிப் போச்சுன்னா நானும் அதைத்தான் கத்துவேன். என்ர ஊட்டுல ஒருத்தனுக்கும் தெரியாது. மூணு பேரு போயிட்டாங்க, இப்ப அதோட அர்த்தம் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான். வருவயா?" வர்றேனுங்கன்னேன். சாமி சத்தியமா வர்றேனுங்கன்னேன். அவரு மகன்கிட்ட என்ர போன் நம்பரைக் குடுத்து, அப்பாவுக்கு ஒண்ணுன்னா எனக்குச் சொல்லாம இருக்கக்கூடாதுன்னு சண்டை புடிக்கிற மாதிரி சொல்லி அனுப்பினேன். அந்தத் தம்பி என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போச்சு.

போன் இந்தத் தை மாசம் வந்துச்சு. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ஐ.சி.யூ.ல இருக்கறாரு, நெனைவு வர்றதும் போறதுமா இருக்குது, என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கறாருன்னு அந்தத் தம்பி சொன்னாப்பல. மாட்டை என்ர மக தலையில கட்டிட்டு பஸ் ஏறுனேன். வழி பூரா எனக்கு ஒரே நெனைப்பு. எங்க மாமனாருக்குப் பண்ணத் தெரியாததை இவருக்காச்சும் பண்ணிப் போடோணும். லைட்டை அமத்த உடலைன்னா சண்டை போட்டாவது அமத்தோணும்னு மனசுக்குள்ள பேசிக்கிட்டே போனேன்.

அங்க உள்ள போனா, ஊருப்பட்ட லைட்டு. பகலா ராவான்னே தெரியலை. நர்ஸுகிட்டக் கெஞ்சுனேன். "இங்க லைட்டை ஆஃப் பண்ண முடியாதுங்க்கா, மத்த பேஷண்டும் இருக்காங்க"ன்னுச்சு. அதுவும் நெசந்தான். சரின்னு ஓடிப் போயி அவரு கண்ணு மேல என்ர ரெண்டு கையையும் வெச்சு மூடுனேன். காதுக்கிட்ட குனிஞ்சு, "ராவுத்தர் மாமா, அமத்தியாச்சுங்க. எல்லாத்தையும் அமத்தியாச்சுங்க"ன்னேன்.

அவரு என்ர கையத் தள்ளி உட்டுட்டாரு. அவரு சொல்லிக்கிட்டிருந்தது பத்தி புஜாவ் இல்லை. வேற என்னமோ. ஒரே ஒரு சொல்லு. கூப்புடற மாதிரி, நிறுத்தி, காத்திருந்து, மறுபடியும். அங்க தரை தொடைச்சுக்கிட்டிருந்த வடக்கத்தியம்மாகிட்ட, இது என்ன ஹிந்தின்னு கேட்டேன். அந்தம்மா சித்தெ நேரம் காது குடுத்துக் கேட்டுட்டு, "பேரு, பேரு"ன்னு அரைகொறைத் தமிழ்ல சொன்னாங்க.

பேருதான். அதை இங்க எழுத எனக்கு மனசு வரலை. வெளிய வந்து அவரு மகனைக் கேட்டேன், மகளைக் கேட்டேன். அவங்க சொந்தபந்தம், ஒறம்பரையில அப்பிடி ஒரு பேரே இல்லையாம். மெழுகுத்திரி ஏத்துன அந்தப் பையனா? வேற எவனாச்சுமா? இல்லை, ஏதோ ஊருல இவரு உட்டுட்டு வந்த பொண்ணா? அந்தப் பையன் பேரைக் கூட அன்னிக்கு நான் கேக்கலை. இனி யாருகிட்டப் போயிக் கேக்கறது? டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்த நாலு பேருல மூணு பேரு போயாச்சு. நாலாவது ஆளு உள்ள படுத்துக்கிட்டுக் கூப்புட்டுக்கிட்டிருக்கறாரு.

மறுபடி உள்ள போனேன். அவரு கூப்புட்டுட்டுக் காத்திருந்தாரு. மறுபடி கூப்புட்டாரு. கூப்புட்டதுக்கு ஒருத்தரும் ஏன்னு கேக்காமக் கெடந்தா எப்பிடி? அவரு கையப் புடிச்சுக்கிட்டு, அந்தப் பேருக்கு நானே பதில் சொன்னேன். "வந்துட்டேனுங்க. இங்கதான் இருக்கறேன்."

அவரு மெதுவாக் கண்ணைத் தெறந்தாரு. என்னைய நல்லாப் பாத்தாரு. கொழறல் ஒண்ணும் இல்லாம, தெளிவா, நம்ம பேச்சுல சொன்னாரு.

"நீ இல்ல, அம்மிணி."